பதினெட்டாம் திகதித் துண்டு

எங்கள் தோட்டத்தில் தபால் என்று யாரும் சொல்வதில்லை, தப்பால் என்றுதான் சொல்வார்கள். நான் ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்துத் தப்பால்காரன், பெயர் சுதாகரன். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியதும் தோட்டத்து ஆபீசான கந்தோரில் பையை வாங்கித் தோளில் மாட்டுவேன். பஸ் பிடித்து நோர்வூட் தபால் கந்தோருக்குப் போய், கொண்டுபோனதைக் கொடுத்து, வந்திருப்பதை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்புவேன். இதே வேலையை எனக்கு முன்னால் என் அப்பா முப்பத்தொரு வருடம் செய்தார்.

கேட்பதற்கு இது பெரிய உத்தியோகமாகத் தெரியாது. ஆனால் ஒட்டு வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தெருப் பெயர் கிடையாது, கதவிலக்கம் கிடையாது. யார் எங்களுக்கு எழுதினாலும் தோட்டத்தின் பெயரைப் போட்டுத்தான் எழுத வேண்டும், அது பையில்தான் வரும். நாங்கள் யாருக்கு எழுதினாலும் பையில்தான் போகும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, லயத்து வாசலில் மூன்று ஆட்டோ நிற்கிறது. இருந்தும் முக்கியமான கடிதம் என்றால் ஆட்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். தாங்களே டவுனுக்குப் போய்ப் போடலாமே என்று ஒருவருக்கும் தோன்றாது. பதிவுத் தபாலுக்குக் கொடுக்கும் துண்டைக்கூட யாரும் என்னிடம் கேட்டு வாங்கியதில்லை. கேட்டால் என்னைச் சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று நினைப்பார்கள்.

அப்படி நம்பிக் கொடுத்த ஒரு மனுவை நான் ஐந்து நாள் என் வீட்டு அல்மாரியில் பூட்டி வைத்திருந்தேன். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்கே நான் நல்லவனாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

மின்சார லைன் வரப்போகிறது என்று போன வருடத்திலிருந்தே பேச்சு. வீட்டுக்கு வரும் சின்ன லைன் இல்லை. மலைக்கு மலை இரும்புக் கோபுரம் நட்டு, தடித்த கம்பி இழுத்து, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகும் உயர் அழுத்த லைன். அதில் எங்கள் வீட்டு பல்புக்கு ஒன்றும் இறங்காது. ஆனால் கம்பிக்கு அடியிலும் இரண்டு பக்கத்திலும் வீடு இருக்கக்கூடாது, மரம் வளரக்கூடாது என்று சட்டம்.

முதலில் அளந்தபோது பாதை எங்கள் புது வீடுகளின் மேலாகப் போனது. பத்தாம் நம்பர் மலையின் வளைவில் பதினாறு வீடுகள், வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு கிடைத்தவை. அதில் ஒன்று என்னுடையது. எங்கள் பரம்பரையில் சொந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட முதல் ஆள் நான்தான். அளக்க வந்தவர்கள் என் வீட்டு முன்சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். காணி உறுதியைக் கொண்டுபோய்க் காட்டினோம். உறுதி இருந்ததால் எங்கள் பேச்சு எடுபட்டது. இரண்டாம் தரம் அளந்தபோது பாதை கீழே இறங்கிப் பணிய லயத்துக்கு மேலாகப் போனது.

பணிய லயம் பள்ளத்தில் ஆற்றோரம் இருக்கிறது. இருபத்துநான்கு ஒற்றை அறைக் காம்பரா, இருபத்துநான்கு குடும்பம். நான் பிறந்ததும் அங்கே ஒன்பதாம் காம்பராவில்தான். அவர்கள் கையில் உறுதி இல்லை. வரைபடத்தில் அதை வீடு என்றே குறிக்கவில்லை, தோட்டக் கட்டடம் என்று போட்டிருந்தார்கள். லயத்தை உடைத்தால் ஆட்களைத் தற்காலிகமாகப் பழைய பிள்ளைக் காம்பராவில் வைக்கலாம் என்று பேச்சு. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகக் கட்டிய ஒற்றை மண்டபம் அது. தோட்டத்தில் தற்காலிகம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாததா? வெள்ளைக்காரன் தற்காலிகமாகக் கட்டிய லயத்தில்தான் நாங்கள் ஐந்து தலைமுறையாகக் குடியிருக்கிறோம்.

இந்தச் செய்தி வந்த அன்று பணிய லயத்துக்காரர்கள் ஒப்பாரி வைப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு மீனம்மா அக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயது, கொழுந்து எடுக்கிறவர், மாதர் சங்கத் தலைவி. எழுதப் படிக்கத் தெரியாது. கோபுரம் நட இடம் பார்க்க வாகனம் வந்தபோது, அறுபது பெண்களைக் கூட்டிக்கொண்டு கொழுந்துக் கூடையோடு பாதையை மறித்து உட்கார்ந்தார். வந்தவர்கள் இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பிரதேச செயலகத்தில் வரைபடத்தை ஒட்டி, எதிர்ப்பு இருந்தால் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லி இருபத்தொரு நாள் தவணை கொடுத்தார்கள். ஜூன் பதினாறாம் திகதி, திங்கட்கிழமை, கடைசி நாள். அன்றைக்குள் தபாலில் போட்டிருக்க வேண்டும்.

மனுவை எழுதியது அக்காவின் மருமகன் மதுரன், ஆட்டோ ஓட்டுகிறவன். கையெழுத்துத் தாள் தோட்டம் முழுக்கச் சுற்றியது. என்னிடம் வந்தபோது நானும் போட்டேன். அறுபத்துமூன்றாவது கையெழுத்து என்னுடையது. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் ஆள் இருக்கிறேன் என்று சொல்வதுபோல, நாங்கள் தாளைக் கண்டால் கையெழுத்துப் போட்டுவிடுவோம். வாசிக்கத் தெரிந்தவனும் வாசிக்க மாட்டான்.

ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை சாயந்தரம், மனுவை உறையில் போட்டு ஒட்டி, லயத்து மாரியம்மன் காலடியில் வைத்துத் திருநீறு பூசி என் கையில் கொடுத்தார்கள். ஆட்டோவில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று மதுரன் சொல்லியிருக்கிறான். மீனம்மா அக்கா விடவில்லை. பை இருக்கும்போது ஆட்டோ எதற்கு என்று கேட்டாராம்.

அடுத்த நாள் காலை கந்தோர் வாசலில் கண்டாக்கு ஐயாவைக் கண்டேன். மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கிறவர். நாட்டு நடப்பெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும் என்பது அவருடைய எண்ணம். பணிய லயத்து மனு போய்விட்டதா என்று கேட்டார். இதோ கொண்டுபோகிறேன் என்றேன். அவர் சிரித்தார். பணிய லயத்துப் பாதையை ரத்துப் பண்ணினால் மிச்சம் இருப்பது பழைய பாதைதானே, உன் சுவரில் போட்ட சிவப்புக் குறி இன்னும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தக் குறி இருந்தது. மூன்று தரம் வெள்ளையடித்தும் மழை பெய்தால் சுவருக்குள்ளிருந்து வெளியே தெரிந்தது.

நோர்வூட் தபால் கந்தோரில் அன்று கூட்டம் இல்லை. தோட்டத்துக் கடிதங்களைக் கொடுத்தேன், கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். மனு உறையைப் பைக்குள்ளேயே கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு ஏதும் இருக்கிறதா என்று கவுண்டரில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார். அவ்வளவுதான் மாத்தயா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. திங்கட்கிழமை போட்டாலும் நேரம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை வயிற்று வலி என்று வேலைக்குப் போகவில்லை. அன்று பையைக் கொண்டுபோனது கந்தோர்ப் பியோன். வலி உண்மையா பொய்யா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. உறை அல்மாரியில், காணி உறுதி வைத்திருந்த பைலுக்கு அடியில் இருந்தது. என் மனைவி புஷ்பராணி சேலை எடுக்கப் போனபோது அதைப் பார்த்துவிட்டாள். கையில் எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீடுதான்.

புதன்கிழமை, பதினெட்டாம் திகதி, அதைப் பதிவுத் தபாலில் போட்டேன். போடாமலே விட்டிருந்தால் முழு அயோக்கியன் ஆகியிருப்பேன், அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை. போட்டேன் என்று யாரிடமும் கூசாமல் சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. துண்டை அடையாள அட்டைக்குப் பின்னால் சொருகிக்கொண்டேன். அன்று சாயந்தரம் மீனம்மா அக்கா வழியில் கண்டு, போய்விட்டதா தம்பி என்று கேட்டார். போய்விட்டது என்றேன். அது பொய் இல்லை பாருங்கள்.

ஜூலையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வேன் பிடித்துப் பன்னிரண்டு பேர் போனோம். கையெழுத்துப் போட்டவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், மறுத்தால் சந்தேகம் வரும் என்று ஏறிக்கொண்டேன். பாதி வழியில் மதுரன், மனு பிந்தி வந்ததாகச் செயலகத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது, பதிவுத் துண்டு இருந்தால் பயமில்லை என்றான். மீனம்மா அக்கா முன் ஆசனத்திலிருந்து திரும்பி, துண்டு உங்களிடம் இருக்கிறதா தம்பி என்று என்னைக் கேட்டார். வேனில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துண்டு என் சட்டைப் பைக்குள் நெஞ்சை ஒட்டி இருந்தது.

"அன்னைக்கே உங்க கையில கொடுத்தேனேக்கா," என்றேன்.

அவர் முகம் குழம்பியது. நான் பொய் சொல்வேன் என்று அவருக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டார். மடியிலிருந்த வெற்றிலைப் பையைக் கொட்டித் தேடினார். பக்கத்தில் இருந்தவளிடம், சுதாகரன் துண்டு கொடுத்தபோது நீ இருந்தாயா என்று கேட்டார். அவளும் யோசித்துவிட்டு, இருந்த மாதிரித்தான் இருக்கிறது என்றாள். ஒரு பொய்யைச் சொன்னால் போதும், மிச்சத்தை நல்லவர்களே கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

விசாரித்தது யசோதினி என்ற அதிகாரி. யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார், எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை மேல் குத்திய திகதி மழையில் கலைந்துபோயிருந்தது. இங்கே வந்து சேர்ந்தது இருபதாம் திகதி என்றார்.

"அம்மா, இதை எப்ப தபாலிலை போட்டனீங்கள்? பதிவுப் பற்றுச்சீட்டு இருக்குதோ? அதிலை பதினாறுக்கு முன்னம் எண்டு இருந்தால் நான் இதை எடுப்பன். இல்லாட்டி என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

மீனம்மா அக்கா எழுந்து நின்றார். வேலைக்குப் போகும்போது போடும் பழைய செருப்பு வெளியில் கிடந்தது, வெறும் காலோடு நின்றார். வெள்ளிக்கிழமையே போட்டாயிற்று என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"துண்டு என் கையிலதான் இருந்திச்சுங்க மேடம். நான்தான் தொலைச்சிட்டேன். எனக்குப் படிப்பில்லீங்க, என்ன தாளுன்னு தெரியாம எங்கயோ போட்டுட்டேன். என் தப்புக்கு இவங்களத் தண்டிக்காதீங்க."

நான் அவருக்குப் பின்னால் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். எழுந்து, இல்லை மேடம் என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். நாற்காலியை விட்டு எழவில்லை. அதிகாரி உறையை மேசையில் வைத்தார். ஏற்றுக்கொள்ள முடியாது, ஆனாலும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கிறேன் என்று மனுவைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார்.

அப்போதுதான் அது என் காதில் விழுந்தது. லைனை யார் தலைக்கு மேலும் கொண்டுபோக வேண்டாம், ஆற்றுக்கு அப்பால் ஆள் குடியில்லாத டர்பன்டைன் காட்டு வழியாகக் கொண்டுபோங்கள் என்று எழுதியிருந்தது. அதோடு விடவில்லை. பத்தாம் நம்பர் மலையில் இருக்கும் பதினாறு புது வீட்டுக்காரர்களும் எங்கள் ஆட்கள், எங்களைக் காப்பாற்றுவதற்காகப் பாதையைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளக்கூடாது என்றும் எழுதியிருந்தது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது மாமிதான் என்று மதுரன் வெளியே வந்து சொன்னான். தான் முதலில் எழுதிக்கொண்டு வந்ததை மாமி மறுபடி எழுத வைத்ததாகச் சொன்னான்.

என் வீட்டைக் காப்பாற்ற எழுதிய தாளைத்தான் என் வீட்டைக் காப்பாற்ற ஒளித்து வைத்திருந்தேன். வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது வேனில் எனக்கு வாந்தி வந்தது. இறக்கிவிடச் சொல்லி ரோட்டோரம் குனிந்து நின்றேன். மீனம்மா அக்கா இறங்கி வந்து முதுகைத் தடவிவிட்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார். மலைப் பாதை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார். தினமும் அதே பாதையில் பஸ்ஸில் போய்வருகிறவன் நான்.

அதற்குப் பிறகு பணிய லயத்தில் நடந்ததை நான் தூர நின்று பார்த்தேன். முதல் வாரம் ஆட்கள் மின்சாரக்காரர்களைத் திட்டினார்கள். இரண்டாம் வாரம் மீனம்மா அக்காவைத் திட்ட ஆரம்பித்தார்கள். பெரிய தலைவி, ஒரு துண்டை வைத்திருக்கத் தெரியவில்லை என்றார்கள். படிப்பில்லாதவளை முன்னால் விட்டது எங்கள் புத்தி என்றார்கள். குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் அவராகவே எழுந்து, இனி வேறு யாரையாவது தலைவியாக வையுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒருவரும் விலக வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

ஆற்றுப் பக்கத்தில் கோபுரத்துக்குக் குழி தோண்ட வெள்ளைக் கம்புகள் நட்டார்கள். எங்கள் மேட்டில் புது வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருந்தோம். ஒருவர் கோழிக்கூடு கட்டினார். நான் நாலாவது தரம் சுவருக்கு வெள்ளையடித்தேன்.

புஷ்பராணியும் மீனம்மா அக்காவும் ஒரே கேங்கில் கொழுந்து எடுக்கிறவர்கள். ஒரு நாள் மத்தியானம் நான் பையோடு திரும்பி வந்தபோது அவள் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தாள். ரொட்டியும் சம்பலும் தட்டில் அப்படியே இருந்தது, கை வைக்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த அக்கா இன்னைக்கு என்னைக் கேக்குது, ஒன் வீட்டுக்காரரு துண்டு கொடுத்தப்ப நான் கொழுந்துக் கூடையில போட்டிருப்பேனோன்னு. பழைய கூடையைப் பிரிச்சுப் பாத்திருச்சாம். அடிப்பக்கம் சாக்கு வச்சுத் தச்சிருந்ததையும் பிரிச்சுப் பாத்திருச்சாம். நான் என்னத்தச் சொல்ல?"

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அவளுக்கும் அதில் பங்கு இருந்தது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் அதற்குமேல் அந்த வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. பையைக்கூடக் கழற்றாமல் பணிய லயத்துக்கு இறங்கினேன்.

மீனம்மா அக்கா அன்று அரைநாளோடு வந்துவிட்டிருந்தார். காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மதுரன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடையாள அட்டையை எடுத்து, அதற்குப் பின்னாலிருந்த துண்டை உருவி அவர் கையில் கொடுத்தேன். துண்டு என்னிடம்தான் இருந்தது அக்கா என்றேன்.

அவர் அதைப் பிடித்துப் பார்த்தார். முகம் அப்படியே விரிந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டார், பார்த்தாயா, நான் தொலைக்கவில்லை, தம்பியிடமே இருந்திருக்கிறது, பாவம் மறந்திருக்கிறார் என்றார். பக்கத்துக் காம்பராப் பெண்களையும் கூப்பிடப் போனார். எனக்காக அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு நிமிடம் நான் பேசாமல் நின்றேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மறந்துவிட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

மதுரன் துண்டை வாங்கி வாசித்தான். இன்னொரு தரம் வாசித்தான். கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.

"இதுல பதினெட்டுன்னு இருக்கு மாமி."

"பதினெட்டுன்னா?"

"புதன்கிழமை. தவணை முடிஞ்சு ரெண்டு நாளைக்குப் பெறகு."

அவன் என் சட்டையைப் பிடிக்க வந்தான். மீனம்மா அக்கா கையை நீட்டித் தடுத்தார். எழுந்து நின்று என்னை நேராகப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கொண்டுபோனீங்களே தம்பி. அஞ்சு நாளு அது எங்க இருந்திச்சு?"

"எங்க வீட்டு அல்மாரியிலக்கா," என்றேன். லைன் திரும்பி என் வீட்டுக்கு வந்துவிடும் என்று பயந்தேன் என்றும் சொன்னேன். வேனில் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைத் தேற்றிவிடுவார் என்று பயமாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அவர் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் பாரம் குறைந்து வீட்டுக்குப் போயிருப்பேன். மறுபடி உட்கார்ந்து சுளகை மடியில் எடுத்துவைத்தார்.

"நான் தாளு போட்டு வைக்கிற டின்ன ஏழு தரம் கொட்டிப் பாத்தேன்," என்று மட்டும் சொன்னார்.

மதுரன் அங்கேயே யசோதினி மேடத்துக்குப் போன் பண்ணினான். மனு பிந்தியது மக்களின் தவறு இல்லை என்று காட்ட முடிந்தால் கொழும்புக்கு மேல்முறையீடு செய்யலாம், பிந்த வைத்தவர் கையெழுத்தோடு எழுதித்தர வேண்டும், உத்தரவாதம் ஒன்றும் தர முடியாது என்று சொன்னாராம். என்னைப் பார்த்தான். எழுதுகிறேன் என்றேன். அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து, தோட்டத் தப்பால்காரனாகிய நான் என்று ஆரம்பித்து, உள்ளதை உள்ளபடி எழுதினேன். இந்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதையும் வாசித்தேன். சத்தமாக வாசிக்கச் சொன்னார் மீனம்மா அக்கா. வாசித்தேன். அதற்குள் லயமே கூடிவிட்டது. என்னைத் தூக்கி வளர்த்த கிழவர் ஒருவர் பாதியில் எழுந்து காம்பராவுக்குள் போய்விட்டார். அந்தக் கடிதத்தால் என் வேலை போகலாம், லைன் திரும்பி என் சுவருக்கே வரலாம். இவ்வளவு நாள் பயந்த அந்த விஷயம் அன்றைக்கு ஏனோ பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் ஆகஸ்ட் ஐந்து, செவ்வாய்க்கிழமை. நான் வழக்கம்போலப் பையோடு சந்தியில் நின்றேன். மீனம்மா அக்கா வேலைக்குப் போகாமல் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் சிலிசிலி பை, அதற்குள் கடித உறை. மதுரன் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன் என்றானாம், வேண்டாம் என்றுவிட்டாராம். பஸ்ஸில் என் பக்கத்து ஆசனம்தான் காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தார். பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றார், இந்த முறை மழை கூட என்றார். முகம் கொடுத்துத்தான் பேசினார்.

எனக்குப் பழக்கம். கடிதம் கையில் இருப்பவரைக் கண்டால் பையின் வாயைத் திறந்துவிடுவேன். அன்றைக்கும் யோசிக்காமல் திறந்து நீட்டிவிட்டேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும் தம்பி. கையிலயே வச்சிக்கிறேன்."

பையை மூடினேன். நோர்வூட் வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தபால் கந்தோரில் அவர் என்னை முன்னால் விட்டார். தோட்டத்துக் கடிதங்களைக் கொடுத்தேன். வேறு ஏதும் இருக்கிறதா என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். எனக்குப் பின்னால் இருந்து மீனம்மா அக்கா உறையை நீட்டினார். சிங்களம் அவருக்குக் கொஞ்சம்தான் வரும், பதிவு, பதிவு என்று இரண்டு தரம் தமிழிலேயே சொன்னார். கவுண்டரில் இருந்தவர் புரிந்துகொண்டு முத்திரை ஒட்டிக் குத்தினார். துண்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மீனம்மா அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, என்னிடம் நீட்டினார்.

"திகதி சரியா இருக்கா பாருங்க தம்பி."

வாசித்தேன். இரண்டாயிரத்து இருபத்தைந்து, ஆகஸ்ட் ஐந்து என்றேன். அவர் தலையாட்டினார், துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பிறகு வரிசையில் அடுத்து நின்ற, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம் அதைக் காட்டி, இதில் என்ன திகதி போட்டிருக்கிறது என்று பணிவாகக் கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பெண்ணும் அதே திகதியைத்தான் சொன்னாள்.